24 முயல்கள்

முயல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நிலாவும், ஆமையிடம் தோற்ற கதையுந்தான். ஆஸ்திரேலியாவிலோ முயலின் பெயரைக் கேட்டாலே பண்ணைக்காரர்களின் முகம் சுருங்கிவிடும். ஏன் என்பதை இன்று பார்ப்போம்.

1859-ஆம் ஆண்டு, விக்டோரியா மாநிலத்தில் தாமஸ் ஆஸ்டின் என்ற பெரும் பண்ணைத் துரை இருந்தார். வேட்டையாடிப் பொழுதுபோக்க அவருக்கு ஆசை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த 24 முயல்களைத் தம் நிலத்தில் வளர்த்து வெளியே விட்டார். அதற்கு முன்பும் அந்நாட்டுக்கு முயல்கள் வந்ததுண்டு. ஆனால் நாடெங்கும் பரவியது ஆஸ்டினுடைய முயல்களின் வம்சமே என்று 2022-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி கூறுகிறது.

பெண் முயல் சுமார் ஒரு மாதத்தில் குட்டி ஈனும். ஈன்றவுடனே மறுபடியும் சினைப்படும். அங்கே அதைப் பிடித்துத் தின்னும் பிராணிகளும் போதுமான அளவில் இல்லை. பத்துப் பன்னிரண்டு முயல்கள் ஓர் ஆடு மேய்வதை மேய்ந்துவிடும். புல் வேரோடு போனது. மண் காற்றில் பறந்தது. மேற்கு ஆஸ்திரேலிய அரசு 1901 முதல் 1907 வரை முயலைத் தடுக்க வேலி கட்டியது. முதல் வேலியின் நீளம் மட்டும் 1,800 கிலோமீட்டருக்கு மேல்! வேலி முடிவதற்குள் முயல் அப்பால் போய்விட்டது.

இது துரைமார்களின் கணக்கு. உழைப்பாளியின் கணக்கு வேறு.

1930-களில் உலகமெங்கும் பணமுடை வந்தது. ரப்பர் விலை விழுந்து, நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அதே காலந்தான். ஆஸ்திரேலியாவில் வேலையிழந்த குடும்பங்களுக்கு அன்று முயலே சோறு போட்டது. ஆண்கள் பொறி வைத்துப் பிடித்தார்கள். பட்டணத் தெருக்களில் வியாபாரிகள் கூவி விற்றார்கள். கறியும் தோலும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. முயலின் மெல்லிய உள்மயிரை ஆவியில் நனைத்து அழுத்தினால், நெய்யாமலே கெட்டியான துணியாகும். அதில் தொப்பிகள் செய்தார்கள். 1941-இல் மலாயாவுக்கு வந்த ஆஸ்திரேலியப் போர்வீரர்கள் அணிந்த, ஒரு பக்கம் மடித்த அகலத் தொப்பியும் அப்படிச் செய்ததே. அக்காலத்தில் ஜொகூர், சிரம்பான் பக்கம் இருந்த நம் பெரியவர்கள் அதைப் பார்த்திருக்கக்கூடும்.

பொறி வைப்பவர்கள் முயலை அடியோடு ஒழிக்க மாட்டார்கள், அடுத்த ஆண்டுப் பிழைப்புக்காக மிச்சம் வைப்பார்கள் என்று பண்ணையாளர்கள் குறைபட்டார்கள். இருக்கலாம். பசித்தவனைப் பார்த்து அப்படிச் சொல்வது எளிதுதானே!

1950-இல் முயலை மட்டும் கொல்லும் ஒரு நோய்க் கிருமியை அரசாங்கம் பரப்பியது. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. கொசுக்கள் அதை ஆற்றோரமாகவே சுமந்து சென்றன. இரண்டே ஆண்டுகளில் கோடிக்கணக்கான முயல்கள் மாண்டன. சுமார் 60 கோடி இருந்தது 10 கோடியாகக் குறைந்தது என்று மதிப்பிடுகிறார்கள். புல் தழைத்தது, ஆட்டு ரோம விளைச்சல் பெருகியது. பொறி வைத்துப் பிழைத்தவர்களோ வேறு வேலை தேடிப் போனார்கள்.

முயல் அழிந்துவிடவில்லை. தப்பியவற்றின் குட்டிகள் நோயைத் தாங்கப் பழகின. 1995-இல் மற்றொரு கிருமி பரவியது; அதையும் தாண்டி முயல் இன்றும் அங்கே மேய்கிறது. ஆனால் பழைய பொறிக்காரர்கள் இல்லாததால், தொப்பி செய்பவர்கள் முயல் ரோமத்தை ஐரோப்பாவிலிருந்து விலை கொடுத்து வரவழைக்கிறார்கள்.