வேலையை விட்டுத் துரத்த முடியாதவர்கள்

1957 ஜனவரி 7 அன்று, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்கட்டில் பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்பு தொடங்கியது. வந்து உட்கார்ந்தவர்கள் 14 பேர், எல்லோரும் கறுப்பினத்தவர். அந்த மாநிலத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியை அதிகாரி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்தறியாத கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தி வைக்க அந்த ஒரு விதியே போதுமானதாக இருந்தது. பாடம் நடத்த வந்த பெர்னிஸ் ராபின்சன் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் இல்லை. நியூயார்க்கில் ஓர் அழகுக்கலைப் பள்ளியில் தொழில் படித்துவிட்டு, ஊர் திரும்பி, சார்ல்ஸ்டனில் சொந்தமாக அழகு நிலையம் நடத்தி வந்தவர். படித்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்க, இந்தப் பொறுப்பு ஏன் ஒரு முடி அலங்காரக்காரரிடம் போனது? காரணம் வெளிப்படையானது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருப்பவர் அரசுப் பணியில் இருக்கக் கூடாது என்று 1956-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டிருந்தது. ராபின்சனின் உறவினரான செப்டிமா கிளார்க் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். சங்கத்தைவிட்டு விலக மறுத்ததால் வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். ராபின்சனுக்குச் சம்பளம் கொடுத்தது கறுப்பினப் பெண்களின் கைப்பணம். அவரை வேலையை விட்டுத் துரத்த எந்த அதிகாரியாலும் முடியாது.

சின்னத் தொழிற்பள்ளி என்றாலே, வேறு வழி இல்லாதவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற இளக்காரம் பல சமூகங்களில் உண்டு. அழகுக்கலைப் பள்ளி என்றால் அந்த இளக்காரம் இன்னும் ஒரு படி கூடும். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாறு இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அவர்களில் மிகப் பெரும்பாலோர் செய்தது வயல் வேலை அல்லது வெள்ளையர் வீட்டு வேலை. இரண்டிலும் கூலி கொடுப்பவன் கை மேலே இருந்தது. அந்தக் கையிலிருந்து விடுபட்டு வாழக் கிடைத்த மிகச் சில வழிகளில் இந்தப் பள்ளிகள் முக்கியமானவை என்பதும், பின்னாளில் வந்த உரிமைப் போராட்டத்தின் பொருளாதார அடித்தளத்தில் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பதும் என் வாதம்.

தொடக்கம் செயின்ட் லூயிஸ் நகரில். ஆனி டர்ன்போ என்ற பெண் தலைமுடிக்கான மருந்துகளைத் தானே தயாரித்து வீடு வீடாக விற்று, அவற்றுக்கு ‘போரோ’ என்று பெயரிட்டு, மணமாகி ஆனி மலோன் ஆன பின், 1918-ல் போரோ கல்லூரியைக் கட்டினார். வகுப்பறை, தயாரிப்புக்கூடம், அரங்கம், மாணவியர் தங்கும் அறைகள் எல்லாம் ஒரே வளாகத்தில். விடுதிகளில் கறுப்பினத்தவருக்கு இடம் தராத நகரத்தில் அது வெறும் பள்ளியாக மட்டும் இருந்திருக்க முடியாது. கூட்டம் போடவும் வெளியூர்க்காரர் தங்கவும் அந்தக் கட்டடம் பயன்பட்டது. 1927-ல் நகரைச் சூறைக்காற்று தாக்கியபோது அடைக்கலம் தந்தது. மலோனின் பொருள்களை விற்கும் முகவராக இருந்தவர்களில் ஒருவர் சாரா பிரீட்லவ். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1867-ல் லூசியானாவில் பிறந்து, துணி வெளுத்து ஒரு நாளைக்கு ஒன்றரை டாலர் போலச் சம்பாதித்தவர். மேடம் சி.ஜே. வாக்கர் என்று உலகம் அறிந்த பெயர் அவருக்குப் பின்னால் வந்தது. 1908-ல் பிட்ஸ்பர்க்கில் மகள் லீலியாவின் பெயரில் ஒரு பள்ளி திறந்தார். அஞ்சல் வழியாகவும் பாடம் நடந்தது. கட்டணம் 25 டாலர். ஒரு சலவைக்காரிக்கு அது ஏறக்குறைய பதினேழு நாள் கூலி. சிறு தொகை என்று சொல்ல மாட்டேன், ஆனால் எட்டாத தொகையும் இல்லை.

வெள்ளையர் நடத்திய பள்ளிகளில் கறுப்பினத்தவரின் கூந்தலைப் பற்றிய பாடமே கிடையாது. மார்ஜரி ஸ்டூவர்ட் ஜாய்னர் 1916-ல் சிகாகோவின் மோலர் பள்ளியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். பட்டத்தோடு வந்தவருக்குச் சொந்த மாமியாரின் தலைமுடியைச் சரியாக வாரிவிடத் தெரியவில்லை. மாமியாரே பணம் கட்டி வாக்கர் பள்ளிக்கு அனுப்பினார். பின்னாளில் நாடெங்கும் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட வாக்கர் பள்ளிகளை மேற்பார்வை செய்தவர் இவர்தான். நிலையாக முடி சுருட்டும் இயந்திரத்துக்கு 1928-ல் காப்புரிமையும் பெற்றார். வெள்ளை நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத சந்தை என்பதால் கற்றுத் தருபவர், கற்பவர், கடை வைப்பவர், வாடிக்கையாளர் என எல்லோரும் கறுப்பினப் பெண்களாகவே இருந்தார்கள். இனப் பிரிவினை எத்தனையோ கதவுகளை மூடியது; மூடிய கதவுக்கு உட்புறம் பணம் கைமாறும் ஒரு வட்டம் உருவாயிற்று. 1917-ல் பிலடெல்பியாவில் கூடிய வாக்கர் முகவர் மாநாட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தனர். விற்பனை பற்றிப் பேசிவிட்டு அவர்கள் கலைந்துவிடவில்லை. கிழக்கு செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்ட கோடை அது. கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று அதிபர் வில்சனுக்குத் தந்தி அடித்தார்கள். ஜான்ஸ் தீவின் வகுப்பறைக்கு நாற்பது ஆண்டுகள் முந்திய செய்தி இது.

இந்தப் பள்ளிகள் கற்பித்தது என்ன, சூடான சீப்பால் சுருள்முடியை நீட்டி வெள்ளைக்காரி போல ஆக்குவதைத்தானே என்று கேட்பார்கள். கேள்வி பழையது, கனமானதும்கூட. 1904-லேயே கல்வியாளர் நானி ஹெலன் பரோஸ் தன் இனப் பெண்கள் நிறத்தையும் முடியையும் மாற்ற அலைவதைக் கடுமையாகச் சாடி எழுதினார். கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனுக்கும் இந்தத் தொழில்மேல் மதிப்பு இல்லை. 1912-ல் சிகாகோவில் அவர் நடத்திய வணிகர் மாநாட்டில் பேச இடம் தராததால் வாக்கர் தானே எழுந்து நின்று பேசினார். தன் மருந்து முடியை நீட்ட அல்ல, உதிர்ந்த முடியை வளர்க்கவே என்று வாக்கர் வாதிட்டார். குழாய்த் தண்ணீர் இல்லாத வீடுகளில் தலைப்புண்ணும் வழுக்கையும் பெண்களைத் துன்புறுத்திய காலத்தில் அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனாலும் பரோஸின் குற்றச்சாட்டை அது முழுக்கத் துடைத்துவிடாது. அழகு பற்றிய அந்த அளவுகோல் இந்தப் பெண்கள் வகுத்தது இல்லை. அவர்கள் கையில் இருந்தது அதைக் கொண்டு யார் சம்பாதிப்பது என்ற ஒன்றுதான், அதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பள்ளி என்பதே பொருள்களை விற்கும் தந்திரம் என்ற குறை இதைவிட நடைமுறை சார்ந்தது. முறையைக் கற்றவள் அந்த நிறுவனத்தின் களிம்பையே வாங்கியாக வேண்டும். அதனால் லாபம் மேலே போனது. தொழிலும் சொகுசானது இல்லை. மத்திய தொழிலாளர் துறையின் மகளிர் பிரிவு 1930-களில் அழகு நிலையங்களை ஆராய்ந்தபோது, கறுப்பினப் பெண்கள் அதிக நேரம் உழைத்துக் குறைந்த கூலி பெறுவதைப் பதிவு செய்தது. வாக்கரைப் போல மாளிகை கட்டியவர் அபூர்வம், அதை மறைத்து இந்த வரலாற்றைப் பாட வேண்டியதில்லை. ஆனால் என் வாதம் செல்வத்தைப் பற்றியது இல்லையே. மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் ஊரில் அழகு நிலையம் வைத்திருந்த வேரா பிகீ பணக்காரர் அல்ல. அவர் என்.ஏ.ஏ.சி.பி. கிளையில் முன்னின்று உழைத்தார், தன் கடையிலேயே வாக்காளர் வகுப்பு நடத்தினார். அதே ஊரில் வெள்ளையரிடம் சம்பளம் வாங்கிய ஒருத்தி இதைச் செய்திருந்தால் மறுநாள் வேலை போயிருக்கும்.

எனக்கு விடை சொல்லக் கடினமாக இருப்பது உரிமச் சட்டங்களைப் பற்றிய கேள்வி. இருபதுகளில் தொடங்கி மாநிலங்கள் ஒவ்வொன்றாக அழகுக்கலைக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கின. இல்லினாய்ஸின் 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தை வகுக்க உதவியவர்களில் ஜாய்னரும் ஒருவர். சுகாதாரம், தரம், தொழிலுக்கு மரியாதை என்று நல்ல நோக்கங்கள் இருந்தன. சட்டத்தைப் பிறர் எழுதினால் தம் பள்ளிகள் அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இடம் இருந்தது. அந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2012-ல் யூட்டா மாநிலத்தில் நடந்த வழக்கு காட்டியது. ஆப்பிரிக்க முறையில் முடி பின்னிப் பிழைக்க நினைத்த ஒரு பெண் 2,000 மணி நேரம் பள்ளியில் படித்தாக வேண்டும் என்றது மாநிலம். அந்தப் படிப்பிலோ முடி பின்னுவது ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. கூட்டாட்சி நீதிமன்றம் அவர் விஷயத்தில் அந்த விதி செல்லாது என்றது. மாமியாரின் கூந்தலுக்கு உதவாத ஜாய்னரின் முதல் பட்டம் போலவே இதுவும் இருக்கிறது, ஆனால் இப்போது அதற்குச் சட்டத்தின் கட்டாயம் வேறு. சின்னப் பள்ளி ஒரு பெண்ணை எஜமானிடமிருந்து விடுவித்தது, அதன் கட்டணமும் காலமும் அவள் கூலிக்கு எட்டியதால்தான். இன்று அமெரிக்காவில் பல மாநிலங்கள் 1,500 மணி நேரப் படிப்பைக் கேட்கின்றன, கட்டணம் ஆயிரக்கணக்கான டாலர். அந்த மணிக்கணக்கில் எவ்வளவு வாடிக்கையாளரின் தோலையும் முடியையும் காப்பதற்கு, எவ்வளவு பள்ளியின் கல்லாவுக்கு என்பதை ஒவ்வொரு சட்டமன்றமும் கணக்குப் பார்த்து, இரண்டாவதை வெட்ட வேண்டும்.