லயத்து முதுமை

பொல்பிட்டியவிலிருந்து நோட்டன், மஸ்கெலியா, அட்டன் என மேலேறிச் செல்லும் மலைத்தொடரில், காலை ஏழு மணிக்குப் பின்னர் எந்தத் தோட்டத்து லயத்துக்குச் சென்றாலும் அங்கே முதியோரையும் சிறு குழந்தைகளையுமே பெரும்பாலும் காணலாம். உழைக்கும் வயதினர் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிவிடுவர். அவர்கள் மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் வரையில் லயம் கிழவர் கிழவியரின் ஊர். செல்வ நாடுகளில் முதியோர்க்கென்றே ஊர் கட்டி விற்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சன் சிட்டி என்னும் அத்தகைய நகர் 1960 ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்டது. எம் மலைகளில் அப்படியொன்றை எவரும் திட்டமிடவில்லை. ஆயினும் ஓர் ஓய்வூர் இங்கே பகல்தோறும் கூடிக் கலைகிறது. அது எவ்வாறு உண்டாயிற்று என்று நமது வரலாற்று நூல்களிற் பல கேட்பதில்லை. கோப்பியின் வீழ்ச்சியையும் தேயிலையின் எழுச்சியையும் விரித்துரைக்கும் அவை, உழைத்தவன் கிழவனானதும் அவனை வழியில் விட்டுவிடுகின்றன.

கோப்பிக் காலத்தில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தோரிற் பெரும்பாலோர் அறுவடைப் பருவத்துக்கு வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பிய பருவத் தொழிலாளர். காட்டுவழியில் காலராவுக்கும் பசிக்கும் பலியானவர் போக, எஞ்சியவர் தம் கிராமங்களிலேயே மூத்தனர். அவர்களுடைய முதுமையின் செலவை அந்த வறண்ட கிராமங்களே ஏற்றன. துரைமார் இறக்குமதி செய்தது இளமையை மட்டுமே. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின் வந்த தேயிலையோ, ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. அதற்குக் குடும்பம் குடும்பமாக நிரந்தரமாய்த் தங்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். தங்கியவர்கள் இங்கேயே முதுமையடைந்தனர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவிலே முதியோர்க்கென்று எவரும் இடம் கணக்கிடவில்லை. கவ்வாத்துக் கத்தியைப் போலவே காம்பராவும் உழைக்கும் காலம்வரை கொடுத்துவைக்கப்பட்ட பொருளாயிருந்தது.

1908இல் பிரித்தானியப் பாராளுமன்றம், எழுபது வயது நிரம்பிய ஏழை முதியோர்க்கு வாரம் ஐந்து சிலிங் வரை ஓய்வூதியம் வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டந்தான். அந்த மூதாட்டியர் தபாற் கந்தோரில் பணம் வாங்கிவந்து அருந்திய தேநீரில் இலங்கைத் தேயிலையும் கலந்திருந்தது. அதனைக் கிள்ளிய விரல்களுக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை.

செக்ரோல் கைவிட்டவர்களை லயம் ஏந்திக்கொண்டது. ஒரே கங்காணியின் கீழ், ஒரே சீமையிலிருந்து வந்தோர் பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில் குடியேறினர். பீஜியிலும் திரினிடாட்டிலும் ஒரே கப்பலில் வந்தோர் தம்மை 'ஜஹாஜி பாய்' என்று உறவு கொண்டாடியதைப் படித்திருக்கிறோம். இங்கும் இரத்த உறவில்லாதோர் அண்ணனும் மதினியும் ஆயினர். இவ்வுறவு முதுமையிலேதான் முழுப்பயன் தந்தது. மலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்ப்பவள் பாட்டி. பிள்ளைக்காம்பராவிலிருந்து திரும்பும் குழந்தைக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பவளும் அவளே. தாத்தா மிலாறு பொறுக்கிவந்து வெயிலில் காயவைப்பார், மரக்கறித் துண்டைக் கொத்துவார், மாட்டுக்குப் புல்லறுப்பார். இவையெல்லாம் உழைப்பே, ஆனால் பேர் விழாத உழைப்பு. பேத்தி பேர் போடுவதற்குப் பாட்டி வீட்டிலிருப்பதே காரணம் என்பதை எந்தக் கம்பனிக் கணக்கும் எழுதுவதில்லை. நண்பகலில் இஸ்தோப்பிலே கம்பளியைப் போர்த்துக்கொண்டு நாலைந்து பேர் கூடுவர். பல்லில்லாத தாத்தாவின் வெற்றிலை அடுத்த காம்பரா அப்பாயியின் உரலில் இடிபடும். பீலிக்கரையில் வழுக்கி விழுந்தவளுக்கு மூன்றாம் காம்பராவிலிருந்து கஞ்சி வரும். இதனை நாம் பொற்காலமாகப் புனைந்துரைக்க வேண்டியதில்லை. ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை கிடக்கும்போது, மழையிலும் பனியிலும் இஸ்தோப்பில் படுப்பவர் முதியவரே. சாதி பார்த்து லயம் பிரித்த காலமும் உண்டு. அந்தப் பிரிவு முதியோரின் பேச்சுக் கூட்டத்தையும் பிரித்தது.

இந்த உறவின்மேல் விழுந்த பேரிடி 1964 அக்டோபர் 30ஆம் நாள் ஒப்பந்தம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்த மக்களை, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் பங்கிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியுடன் செய்த உடன்படிக்கை சரிபாதியாகப் பிரித்தது. மகன் ஒரு நாட்டுக்கும் மகள் மற்றொரு நாட்டுக்கும் விண்ணப்பித்த வீடுகளிலே பெற்றோர் எங்கே போவது? இலங்கையிலே பிறந்து இலங்கையிலே மூத்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்' என்னும் பெயருடன் தலைமன்னாரில் கப்பலேறினர். 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் அவர்களிற் சிலருக்கு நீலகிரியில் வேலை தந்தது. அங்கே அவர்கள் 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டவர்கள்தாம்! 1984இல் கப்பற் போக்குவரத்தும் நின்றது. வெற்றிலை உரல் ஒரு கரையில், அதைப் பகிர்ந்துகொண்டவர் மறுகரையில்.

அதே ஆண்டுகளில் இப்பகுதியில் அணைகளும் எழுந்தன. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கடிக்கப்பட்டது. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயில் வெளியே தெரியும். முன்பு அங்கே தேர் பார்த்த முதியோர் பேரப்பிள்ளைகளுக்கு இடம் காட்டுவர். அந்நீர் மலையிறங்கி, 1969இல் இயங்கத் தொடங்கிய பொல்பிட்டிய மின்னிலையத்தையும் சுழற்றுகிறது. ஆயினும் மலையகத்து லயங்கள் பலவற்றில் நெடுங்காலம் எரிந்தது குப்பி விளக்கே.

சட்டங்கள் வராமலில்லை. 1958இல் ஊழியர் சேமலாப நிதியும், 1983இல் பணிக்கொடைச் சட்டமும் வந்தன. தொழிற்சங்கப் போராட்டங்கள் இன்றி அவை தோட்டங்களில் நடைமுறைக்கு வந்திரா. ஆனால் இவை ஒரே தடவையில் கைக்கு வரும் தொகைகள். அரசாங்க உத்தியோகத்தர்க்கு உள்ள மாதாந்த ஓய்வூதியம் போன்றது தோட்டத் தொழிலாளிக்கு இல்லை. பணிக்கொடையை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். நாட்சம்பளக்காரருக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம். நாற்பதாண்டு மலையேறியவளுக்கு 560 நாட் சம்பளம் கிடைக்கும். 2021இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா நாட்சம்பளத்தில் அது 5,60,000 ரூபா. கடனும் பேத்தியின் கலியாணமும் போக அதில் என்ன மிஞ்சும்?

1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. காம்பரா தோட்டத்தின் உடைமையாகவே நீடித்தது. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு தரும் திட்டம் சில குடும்பங்களை எட்டியுள்ளது. எட்டாதோரின் நிலை பழையதே: குடும்பத்தில் யாராவது ஒருவரின் பேர் செக்ரோலில் இருக்கும் வரையில், முதியவரும் அந்தக் கூரையின் கீழ் கேள்வியின்றி இருக்கலாம். அந்த ஒருவர் இப்போது குறைந்து வருகிறார். பேரன் கொழும்புக் கடையில் நிற்கிறான்; பேத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள்; மருமகள் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்கிறாள். மாதமொருமுறை பணம் வருகிறது, தீபாவளிக்கு ஆள் வருகிறது. இத்தகைய லயங்களில் கொழுந்து நிறுத்து முடிந்த பின்னும் இஸ்தோப்புக் கூட்டம் கலைவதில்லை. விளக்கேற்றிய பிறகும் அதே நாலைந்து பேர்தாம் அங்கே இருக்கிறார்கள்.