தூக்கத்தைப் பங்கு போடலாமா?

ஓர் எளிய கணக்குடன் தொடங்குவோம். சரக்கு லாரி ஒன்று மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. விநாடிக்கு எத்தனை மீட்டர்? ஏறத்தாழ 28. ஓட்டுநரின் கண்கள் மூன்றே விநாடிகள் செருகிவிட்டால் போதும். 84 மீட்டர் தூரத்தை வண்டி ஓட்டுவார் இன்றியே கடந்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுந்தூர லாரி சரக்குடன் சேர்ந்து சுமார் 36 டன் எடை இருக்கும். அந்த 84 மீட்டருக்குள் இருப்பவர்களின் கதி என்ன?

ஆகவேதான் லாரி ஓட்டுநரின் வேலைக்கும் ஓய்வுக்கும் சட்டம் மணிக்கணக்கு வகுத்தது. அமெரிக்காவில் அந்தக் கணக்கு வளர்ந்த வரலாறு சுவையானது. சட்டத்தின் கையில் ஒரு கடிகாரம்; மனித உடலுக்குள் இன்னொரு கடிகாரம். இரண்டும் ஒத்துப்போயினவா? பார்ப்போம்.

நாள் சுருங்கிய கதை

1935ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, லாரிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை மாநிலங்களிடை வாணிப ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. 1937 இறுதியில் குழு முதல் விதிகளை வெளியிட்டது. தொழிற்சங்கங்கள் அவற்றை எதிர்த்தன. குழு மறுபடியும் ஆராய்ந்து அடுத்த ஆண்டில் விதிகளைத் திருத்தியது. அதன்படி 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் வண்டி ஓட்டலாம்; தொடர்ச்சியாக 8 மணி நேரம் ஓய்வு வேண்டும்.

1962இல் ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். ‘24 மணி நேரத்தில்’ என்ற கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 10 மணி ஓட்டம், 8 மணி ஓய்வு, உடனே மறுபடி ஓட்டம்! ஓட்டுநரின் ‘நாள்’ 18 மணியாகச் சுருங்கியது. திங்கட்கிழமை காலை 6 மணிக்குப் புறப்படுபவர் அடுத்து நள்ளிரவில் புறப்படலாம், பிறகு மாலை 6 மணிக்கு, பிறகு நண்பகலில். மூன்று நாட்களில் நான்கு உறக்கங்கள். அவற்றில் ஒன்றுதான் முழு இரவு உறக்கம். வாரத்திற்கு இத்தனை மணி என்ற வரம்பு இருந்தது. ஆனால் நாளின் வடிவத்தைக் காக்க எதுவும் இல்லை.

குகைக்குள் ஒரு சோதனை

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். எட்டு மணி உறக்கம் எப்போது கிடைத்தால் என்ன? இதற்குப் பதில் தேடி, லாரி விதிகள் திருத்தப்பட்ட அதே 1938இல், இருவர் ஒரு குகைக்குள் சென்றார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நத்தானியல் கிளெய்ட்மனும் அவருடைய மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் 32 நாட்கள் தங்கினார்கள். சூரிய ஒளி எட்டாத அந்த இடத்தில் 28 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்து வாழ்ந்தார்கள். இளைஞரான ரிச்சர்ட்சனின் உடல் வெப்பநிலை புதிய நாளைப் பின்பற்றியது. கிளெய்ட்மனின் உடலோ 24 மணிக் கணக்கை விடவே இல்லை!

இயற்பியல் மாணவருக்கு இது வியப்பாக இராது. தனக்கென ஓர் அலைவு நேரம் உள்ள ஊசலை அதற்கு நெருங்கிய காலத்தில் தட்டினால் அது இணங்கும். வெகுவாக மாறுபட்ட காலத்தில் தட்டினால் இணங்காது. நம் உடற்கடிகாரத்தின் அலைவு நேரம் 24 மணியைவிடச் சிறிதே கூடுதல். அதை 18 மணிக்குள் அடக்க முடியுமா?

பங்கு போட்ட ஓய்வு

இருக்கைக்குப் பின்னால் படுக்கை உள்ள லாரிகளில் இரண்டு ஓட்டுநர்கள் செல்வதுண்டு. ஒருவர் ஓட்ட, மற்றவர் உறங்குவார். வண்டி நிற்காமல் ஓட, மாறி மாறி ஓட்ட வேண்டும் அல்லவா? ஆகவே படுக்கையில் கழிக்கும் 8 மணி ஓய்வை இரண்டு பங்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பழைய விதி அனுமதித்தது. ஒவ்வொரு பங்கும் 2 மணிக்குக் குறையக்கூடாது, அவ்வளவே. நான்கும் நான்கும் எட்டு! எண்கணிதம் சரி. உடலுக்கு?

1995இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 107 லாரி விபத்துகளை ஆராய்ந்தது. களைப்பினால் விபத்துக்குள்ளான ஓட்டுநர்கள் கடைசியாக உறங்கியது சராசரியாக 5.5 மணி, ஏனையோர் உறங்கியது 8 மணி. துண்டு துண்டான உறக்கமும் களைப்புக்கு முக்கிய காரணம் என்று வாரியம் கண்டது.

2003இல் விதிகள் மாற்றி எழுதப்பட்டன: 11 மணி ஓட்டம், 10 மணி ஓய்வு. வேலை தொடங்கிய 14 மணிக்குப் பின் வண்டி ஓட்டக்கூடாது. 14-உம் 10-உம் 24! பழைய நாள் திரும்பியது போலத் தோன்றுகிறது. 2005இல் பங்கீட்டையும் இறுக்கினார்கள்: ஒரு பங்கு, படுக்கையில் தொடர்ந்து 8 மணி, மற்றது 2 மணி. 2020 முதல் பெரிய பங்கு 7 மணியாகவும் சிறிய பங்கு 3 மணியாகவும் இருக்கலாம். இரண்டும் 14 மணிக் கணக்கில் சேரா.

ஓர் எடுத்துக்காட்டு. காலை 6 மணிக்குப் புறப்பட்டவர் 10 மணிக்குக் கிடங்கை அடைகிறார். 3 மணி நேரம் ஓய்வு. பிறகு 2 மணி நேரம் சரக்கு ஏற்றும் வேலை. மாலை 3 மணிக்குக் கிளம்புகிறார். சாதாரணக் கணக்கில் அவர் இரவு 8 மணிக்கு நிறுத்த வேண்டும். பங்கீட்டில் அந்த 3 மணி கழிக்கப்படுவதால் 10 மணி வரை ஓட்டலாம். பிறகு 7 மணி உறக்கம். விடியற்காலை 5 மணிக்கு எழுந்தால் புதிய 11 மணி கிடைக்குமா? கிடைக்காது! முதல் ஓய்வு முடிந்த நேரத்திலிருந்து கணக்கு ஓடுகிறது. ஏற்கெனவே 7 மணி ஓட்டிவிட்டதால் மீதி 4 மணியே. அதாவது, பங்கீடு நேரத்தைப் பெருக்கவில்லை. கடனாகக் கொடுத்து மறுநாள் கழித்துக்கொள்கிறது.

அப்படியானால் பங்கு போட்ட உறக்கம் தீயதா? வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் தந்த விடை நடுநிலையானது. இரவில் ஒரே மூச்சாக உறங்குவதே சிறந்தது. அது இயலாதபோது, பகலில் ஒரே மூச்சாக உறங்க முயல்வதைவிட இரண்டாகப் பிரித்து உறங்குவது மேல். பகலில் உடற்கடிகாரம் உறக்கத்தைத் தொடர விடுவதில்லை.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. 14 மணி முழுவதையும் பயன்படுத்தாமல், 11 மணி ஓட்டி 10 மணி ஓய்வெடுத்து உடனே கிளம்பினால் நாள் 21 மணியாகிறது. ஒருவர் காலை 6 மணிக்குத் தொடங்கினால், மறுபடியும் காலை 6 மணிக்கே தொடங்க எத்தனை நாட்கள் ஆகும்? காகிதத்தில் வரைந்து பாருங்கள். ஏழு நாட்கள், எட்டுச் சுற்றுகள். சட்டத்தின் கடிகாரம் இன்னும் நழுவத்தான் செய்கிறது. அந்த நழுவலின் விலைதான், நாம் முதலில் கண்ட மூன்று விநாடிகள்.