பயந்த கை என்ன செய்யும்?

உயரமான கட்டடத்தின் வெளிப்பக்கம் கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவரைப் பார்த்தால், "கயிறு அறுந்துட்டா?" என்றுதான் முதலில் தோன்றும். இறங்கு கருவிகளின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். அவற்றை வடிவமைத்தவர்களைக் கயிற்றைவிட அதிகம் படுத்தியது மனிதனின் கை என்றே தோன்றுகிறது.

முதல் உலகப்போரில் இறந்த ஜெர்மானிய மலையேறி ஹான்ஸ் டுல்ஃபரின் பெயரில் ஒரு முறை உண்டு. கருவியே கிடையாது. கயிறு கால்களுக்கு நடுவே புகுந்து, ஒரு தொடையைச் சுற்றி, மார்பின் குறுக்கே ஏறி, தோள் வழியாக முதுகுப்பக்கம் இறங்கும். உராய்வு முழுக்க உடம்பில்தான். கை கயிற்றை விட்டால் ஆள் காலி. பிறகு வந்த எட்டு வடிவ உலோக வளையம் தொடையைக் காப்பாற்றியது. கையை விட்டால் கதை அதேதான்.

அடுத்த கட்டம் பிரான்ஸின் குகைகளில் நடந்தது. கிரெனோபிள் அருகே டான் டு க்ரோல் மலையின் குகைகளில் பியர் ஷெவாலியே, ஃபெர்னான் பெட்ஸல் குழுவினர் 1947-இல் 658 மீட்டர் ஆழத்தைத் தொட்டார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. யுத்தகாலத்தில் கடையில் எதுவும் கிடைக்காததால் பல கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். 1968-இல் ப்ரூனோ ட்ரெஸ்லர் என்ற குகையாய்வாளர், உலோக வேலை தெரிந்த பெட்ஸலிடம் கயிறேறும் கருவி ஒன்றைச் செய்யச் சொன்னார். அதுதான் 'க்ரோல்', அந்த மலையின் பெயரேதான். அப்படியே ஒரு கம்பெனியும் முளைத்தது.

அந்தக் கம்பெனியின் 'ஸ்டாப்' கருவியில் இரண்டு உருளைகளுக்கு நடுவே கயிறு வளைந்து வளைந்து போகும். கைப்பிடியை அழுத்தினால் இறங்கலாம், விட்டால் கீழ் உருளை திரும்பிக் கயிற்றை நசுக்கி நிறுத்திவிடும். ரயில் எஞ்சினில் இருக்கும் 'டெட் மேன்' ஸ்விட்ச் மாதிரி. எங்கள் தொழிலில் இதை 'ஃபெயில் சேஃப்' என்று சொல்லி சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஆனால் பயந்த மனிதன் கையை விடுவதில்லை, இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான்! ஸ்டாப்பில் இறுக்கிப் பிடித்தால் இன்னும் வேகமாகப் போவான். அதனால்தான் பழகுகிறவர்களிடம், வேகத்தைக் கைப்பிடியால் கட்டுப்படுத்தாதே, கருவிக்குக் கீழே தொங்கும் கயிற்றை மறுகையால் பிடித்துக் கட்டுப்படுத்து என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பின்னால் வந்த 'ஐடி' கருவியில் கைப்பிடியை அளவாக இழுத்தால்தான் இறங்கும். விட்டாலும் நிற்கும், அளவுக்கு மீறி இழுத்தாலும் நிற்கும்.

1980-களில் இந்தக் குகை வித்தை வடகடல் எண்ணெய் மேடைகளில் பராமரிப்பு வேலைக்குப் போனது. சாரம் கட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும். குகையில் ஒரு கயிறு போதும் என்றிருந்தார்கள். தொழிலில் அது இரண்டாகி, தனித்தனியாகக் கட்டப்பட்டது. பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு விதிகள் அதைச் சட்டமாக்கின. இரண்டாவது கயிறே ஆபத்தைக் கூட்டும் இடங்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த இரண்டாவது கயிற்றிலும் கைதான் வில்லன். அதில் பலகாலம் 'ஷண்ட்' என்ற கருவியைச் சிறு நூலால் இழுத்துக்கொண்டே இறங்கினார்கள். விழும்போது நூலை விடாமல் பற்றிக்கொண்டால் ஷண்ட் கயிற்றைப் பிடிக்காது. இப்போது அந்த இடத்தில் 'அசாப்' இருக்கிறது. அதன் சக்கரம் கயிற்றில் தானாக உருண்டு வரும், வேகம் கூடினால் கார் சீட் பெல்ட் போலப் பூட்டிக்கொள்ளும். பதறிப்போய் அதையே கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாலும்கூட.