கரையும் பதிவேடும்

1892இல் சென்னை மாகாணம் பஞ்சமி நிலம் ஒதுக்கியபோது கடியப்பட்டணம் திருவிதாங்கூரில் இருந்தது. அந்த ஆணை இங்கு எட்டவில்லை. ஆயினும் பறிப்பின் வழி ஒன்றே: அனுபவம் உழைப்பவரிடம், பதிவேடு ஆள்பவரிடம்.

பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் 1909இல் ஷோம்பெர்க் மோனசைட்டைக் கண்டறிந்தார். வலை உலர்ந்த கரை அரசுக் கணக்கில் கனிமமானது. 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை ஊரகக் கரையில் 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்தைத் தடுத்தது. 2019இல் மக்கள் நெருங்கிய ஊர்களுக்கு அது 50 மீட்டராகச் சுருங்கியது. 2023 ஏப்ரலில் விவாதமின்றி நிறைவேறிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம், நீர்நிலை அடங்கிய நிலத்தையும் பெருந்திட்டங்களுக்குத் திறந்துவிட்டது.

பொது நிலத்துக்குத் தனிப் பட்டா கிடையாது. ஆகவே வலை உலர்த்தும் களத்தையும் வள்ளம் ஏற்றும் இடத்தையும் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் குறிக்கச் செய்வோம், கிராமசபையில் தீர்மானமாக்குவோம். பஞ்சமி நிலம் மீட்கப் பதிவேடுகளைத் தேடிய நாம், மீனவரோடு நின்று கரையையும் பதிவேட்டில் ஏற்றுவோம்.