ஒவ்வாமை மூக்கழற்சியில் நரம்பு மண்டலமும் நோயெதிர்ப்பு மண்டலமும்

ஒவ்வாமை மூக்கழற்சி என்பது மகரந்தத்தூள், வீட்டுத்தூசி உண்ணி, பூஞ்சை வித்து, வளர்ப்பு விலங்குகளிடமிருந்து உதிரும் துகள்கள் போன்ற, இயல்பில் தீங்கற்ற பொருட்களுக்கு எதிராக நோயெதிர்ப்பு மண்டலம் மிகையாகச் செயற்படுவதால் மூக்கின் சளிச்சவ்வில் உண்டாகும் அழற்சி ஆகும். தும்மல், அரிப்பு, மூக்கொழுகல், மூக்கடைப்பு ஆகிய நான்கும் இதன் முதன்மை அறிகுறிகளாகும். ஒவ்வாமையைத் தொடங்கி வைப்பது நோயெதிர்ப்பு மண்டலம். எனினும் தும்மலும் அரிப்பும் நரம்புகள் வழியாகவே தோன்றுகின்றன. மூக்கொழுகலிலும் நரம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்விரு மண்டலங்களும் ஒன்றையொன்று தூண்டுவதால், சிறிதளவு தூசிகூட நெடுநேரம் நீடிக்கும் தொல்லையை உண்டாக்க முடிகிறது.

வரலாறு

1819 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் ஜான் பொஸ்டாக், கோடைதோறும் தமக்கு வந்த இந்நோயைப் பற்றி விவரித்தார். 1873 இல் சார்லசு பிளாக்லி தம்மீதே சோதனைகள் செய்து, மகரந்தத்தூளே இதற்குக் காரணம் என்று காட்டினார். 1886 இல் அமெரிக்க மருத்துவர் ஜான் நோலண்ட் மெக்கன்சி, ரோசாப்பூவினால் மூக்கொழுகல் ஏற்பட்ட ஒரு நோயாளியின் முன் செயற்கை ரோசாவைக் காட்டியபோதும் அதே அறிகுறிகள் தோன்றியதைப் பதிவு செய்தார். நோயில் நரம்புகளுக்கும் பங்கு உண்டு என்ற கருத்துக்கு இது தொடக்ககாலச் சான்றாக அமைந்தது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பணியாற்றிய இசிசாக்கா இணையரும், சுவீடனில் யோகான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே செய்த ஆய்வுகளின் பயனாக இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பிறபொருளெதிரி கண்டறியப்பட்டது. இதன் பின்னர் ஆய்வாளர்களின் கவனம் பெரிதும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் பக்கம் திரும்பியது.

மூக்கிலுள்ள நரம்புகள்

மூக்கின் சளிச்சவ்வில் மூவகை நரம்பிழைகள் உள்ளன.

1. உணர் நரம்புகள்: இவை ஐந்தாவது மூளை நரம்பாகிய முக்கிளை நரம்பின் கிளைகள். அரிப்பு, எரிச்சல், குளிர்ச்சி முதலிய உணர்வுகளை மூளைக்குக் கொண்டு செல்கின்றன.
2. எதிர்ப்பரிவு நரம்புகள்: அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிட்டுச் சளிச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன.
3. பரிவு நரம்புகள்: நார்அட்ரினலினை வெளியிட்டு இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூக்கின் உட்பாதையை அகலமாக வைத்திருக்கின்றன.

நோயெதிர்ப்பு மண்டலம் நரம்புகளைத் தூண்டல்

ஒவ்வாமை உடையவரின் சளிச்சவ்விலுள்ள மாஸ்ட் உயிரணுக்களின் மேற்பரப்பில் இம்யூனோகுளோபுலின் ஈ ஒட்டியிருக்கும். ஒவ்வாமையூக்கி அதனுடன் இணைந்தவுடன், சில நிமிடங்களில் அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமின், லியூக்கோட்ரையீன், புரோஸ்டாகிளாண்டின் முதலியவற்றை வெளியிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிவடைந்து, சளிச்சவ்வு வீங்குவதால் மூக்கடைப்பு உண்டாகிறது.

அதே வேளையில் ஹிஸ்டமின், உணர் நரம்பு முனைகளிலுள்ள எச்1 ஏற்பிகளுடன் இணைகிறது. இதனால் அரிப்புணர்வு தோன்றுகிறது. செய்தி மூளைத்தண்டை அடைந்ததும் இரு அனிச்சைச் செயல்கள் நிகழ்கின்றன. ஒன்று தும்மல். மற்றொன்று, எதிர்ப்பரிவு நரம்புகள் வழியாகச் சுரப்பிகள் தூண்டப்பட்டு நீர் போன்ற சளி வடிதல். ஒரு நாசித்துளையில் மட்டும் ஒவ்வாமையூக்கியை வைத்துச் செய்த சோதனைகளில் மறு நாசித்துளையிலும் சுரப்பு மிகுந்தது. ஒவ்வாமையூக்கி படாத பக்கத்திலும் சளி வடிவதற்கு இந்த நரம்புவழி அனிச்சையே காரணமாகும். மூக்கில் தொடங்கும் ஒவ்வாமையால் கண்களில் அரிப்பும் நீரும் தோன்றுவதற்கும் இது ஒரு காரணமாகும்.

நரம்புகள் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டல்

உணர் நரம்புகள் செய்தியைக் கொண்டு செல்வதோடு நின்றுவிடுவதில்லை. தூண்டப்பட்ட நரம்பு முனைகள் சப்ஸ்டன்ஸ் பி முதலிய நரம்புப் பெப்டைடுகளைச் சளிச்சவ்விலேயே வெளியிடுகின்றன. இவை இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்வதோடு, வெள்ளையணுக்களையும் அவ்விடத்திற்கு ஈர்க்கின்றன. இது நரம்புவழி அழற்சி எனப்படும். கொறிவிலங்குகளில் இது தெளிவாகக் காட்டப்பட்டுள்ளது. மனித மூக்கில் இதன் பங்கு அந்த அளவுக்கு உறுதியாகவில்லை. 2017 இல் வெளியான ஆய்வுகள், நரம்பணுக்கள் வெளியிடும் நியூரோமெடின் யு என்னும் பெப்டைடு, ஒவ்வாமையில் பங்கேற்கும் ஒருவகை நோயெதிர்ப்பு உயிரணுக்களை நேரடியாகத் தூண்டுவதைச் சுண்டெலிகளில் காட்டின.

மிகையுணர்வு

ஒவ்வாமையூக்கி பட்டுச் சில மணி நேரம் கழித்து இயோசினோஃபில் முதலிய வெள்ளையணுக்கள் சளிச்சவ்வில் குவிகின்றன. இப்பிற்கட்ட அழற்சியின்போது நரம்பு வளர்ச்சிக் காரணி போன்ற பொருட்கள் நரம்பு முனைகளை மேலும் கூர்மையாக்குகின்றன. இதன் விளைவாகப் புகை, நறுமணப் பொருட்கள், குளிர்ந்த காற்று ஆகியவைகூடத் தும்மலையும் மூக்கொழுகலையும் உண்டாக்குகின்றன. ஊதுபத்திப் புகையால் ஒருவருக்குத் தும்மல் வந்தால், அவருக்கு அப்புகையின்மீதே ஒவ்வாமை உள்ளது என்று பொருளல்ல. வேறொரு பொருளின் ஒவ்வாமையால் அவருடைய நரம்புகள் மிகையுணர்வு பெற்றிருக்கலாம். இத்தகைய எரிச்சலூட்டிகளை ஒவ்வாமைக்கான தோல் சோதனையால் கண்டறிய இயலாது.

மருத்துவத்தில் முக்கியத்துவம்

ஒவ்வொரு மருந்தும் இத்தொடரின் வெவ்வேறு கண்ணியில் செயற்படுகிறது.

- ஹிஸ்டமின் எதிர்ப்பிகள்: தும்மல், அரிப்பு, மூக்கொழுகல் ஆகியவற்றை நன்கு குறைக்கின்றன. மூக்கடைப்பில் வேறு பல பொருட்களுக்கும் பங்கு உள்ளதால் அதில் இவற்றின் பயன் குறைவு.
- மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்துகள்: அழற்சியையே தணிப்பதால் நான்கு அறிகுறிகளையும் குறைக்கின்றன. முழுப் பயன் கிடைக்கச் சில நாட்கள் தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்.
- இப்ராட்ரோப்பியம்: அசிட்டைல்கோலினைத் தடுப்பதால் மூக்கொழுகலை மட்டும் குறைக்கிறது.
- ஆக்சிமெட்டசோலின் போன்ற அடைப்பு நீக்கிகள்: பரிவு நரம்புகளின் செயலை ஒத்து இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. தொடர்ந்து பல நாட்கள் பயன்படுத்தினால் மூக்கடைப்பு முன்னினும் மிகுந்து திரும்பும்.
- ஒவ்வாமையூக்கி வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை: நோயெதிர்ப்பு மண்டலத்தின் எதிர்வினையையே படிப்படியாக மாற்றுகிறது.

மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிலையில் சிலருக்கு மூக்கின் எதிர்ப்பரிவு நரம்பிழைகள் அறுவை மூலம் துண்டிக்கப்படுகின்றன. விடியன் நரம்பைத் துண்டிக்கும் முறையில், கண்ணீர்ச் சுரப்பிக்குச் செல்லும் இழைகளும் அறுபடுவதால் கண் வறட்சி ஏற்படக்கூடும்.

இவற்றையும் பார்க்க

- ஒவ்வாமை
- ஆஸ்துமா
- ஹிஸ்டமின்
- தும்மல்
- முக்கிளை நரம்பு