இரத்த-மூளைத் தடையும் பார்க்கின்சன் நோய் மாத்திரையும்

பார்க்கின்சன் நோயில் (நடுக்குவாதம்), மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிகின்றன. குறைவது டோபமைன் என்றால் அதையே ஊசியாகப் போடக்கூடாதா என்று பராமரிப்பாளர்கள் பலர் கேட்பதுண்டு. போட்டாலும் அது மூளைக்குள் செல்லாது. இரத்த-மூளைத் தடை அதை அனுமதிப்பதில்லை.

இத்தடை தனி உறுப்பு அன்று. மூளையின் நுண்ணிய இரத்த நாளங்களில் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே தடையாகிறது. 1885-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் உடலில் சாயத்தைச் செலுத்தியபோது ஏனைய உறுப்புகள் நிறமேறின. மூளை பெரும்பாலும் நிறம் மாறவில்லை. ஆக்சிஜன் இத்தடையை எளிதில் கடக்கும். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் தமக்கென அமைந்த வாயில்கள் வழியே செல்கின்றன.

லெவோடோபா ஓர் அமினோ அமிலம். ஆகவே அந்த வாயில் வழியே நுழைந்து, மூளைக்குள் டோபமைனாக மாறுகிறது. மாத்திரையில் உடன் சேர்ந்துள்ள கார்பிடோபா தடையைக் கடப்பதில்லை. வெளியே நின்று, லெவோடோபா மூளையை அடையுமுன் வீணாவதையும் குமட்டலையும் குறைக்கிறது.

மாத்திரையும் உணவும்

பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவை செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களும் அதே வாயிலுக்குப் போட்டியிடுகின்றன. காலை மாத்திரை கேட்கிறது, மதிய மாத்திரை கேட்கவில்லை என்போரிடம், மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி. எல்லோருக்கும் இச்சிக்கல் வருவதில்லை. நோய் முற்றியவர்களிடம் மிகுதி. பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, உண்டு ஒரு மணி நேரம் கழித்தோ மாத்திரையை உட்கொள்ளுங்கள். குமட்டினால் இரண்டு பிஸ்கட் போதும். புரதத்தை அறவே நிறுத்தாதீர்கள், உடல் மெலிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையை வேறு நேரத்திற்கு மாற்றுங்கள்.

பூனைக்காலிப் பொடி

நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் பூனைக்காலி விதையில் லெவோடோபா உண்மையாகவே உள்ளது. 1937-இல் எம். தாமோதரன், ஆர். இராமசாமி ஆகியோர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதைப் பிரித்தெடுத்தனர். பொதிகை மலைப் பகுதியில் வாழும் காணிக்காரர்கள் இவ்விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துக் கொட்டிய பின்னரே உண்பது வழக்கம். அந்நீரோடு லெவோடோபாவில் ஒரு பங்கும் வெளியேறுகிறது. கடைப் பொடியில் எவ்வளவு மருந்து உள்ளது என்று அளவிட இயலாது, கார்பிடோபாவும் இல்லை. மாத்திரையோடு சேர்த்து உண்டால் வாந்தி, இரத்த அழுத்தச் சரிவு, கட்டுப்பாடற்ற உடல் அசைவு, இல்லாததைக் காணுதல் ஆகியவை நேரலாம். ஏற்கெனவே உண்டுவருகிறீர்கள் எனில் மறைக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தடையே பழுதடையுமா?

அல்சைமர், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் இத்தடை கசிவது கண்டறியப்பட்டுள்ளது. அல்சைமர் நோய்க்கான மரபணுக் கூறு உடையோரிடம், நினைவாற்றல் குன்றுமுன்னரே கசிவு தொடங்குவதாக 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. கசிவு நோய்க்குக் காரணமா, விளைவா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஒலியலையால் தடையைச் சிறிது நேரம் திறந்து மருந்து செலுத்தும் முறை ஆய்வு நிலையிலேயே உள்ளது. அதைச் சொல்லிப் பணம் கேட்போரை நம்ப வேண்டாம். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் மூளையின் நுண் நாளங்களைக் கெடுக்கின்றன. அவற்றுக்கான மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வருகின்றன, அவற்றைத் தவறவிடாதீர்கள்.

திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும்போது, மாத்திரை உண்ட நேரம், உணவு நேரம், கை கால் இறுகிய நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் எழுதிக் கொண்டுவாருங்கள். லெவோடோபாவைத் திடீரென நிறுத்தக் கூடாது. நிறுத்தியபின் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் குழப்பமும் ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.